மாடிஃபை செய்த காரில் புதுச் சத்தமா? போட்டதை விட்டுக் கழற்றியதைப் பாருங்கள்

"இந்த வேலை செய்வதற்கு முன்னால் சத்தமே இல்லை சார்" என்று வரும் கார்கள்தான் எங்கள் பட்டறையில் அதிக நேரம் எடுப்பவை. ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியிருப்பார்கள், பெரிய அலாய் வீல் போட்டிருப்பார்கள், சைலன்சர் மாறியிருக்கும், டிக்கியில் ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருக்கும். எல்லாம் ஆசைப்பட்டபடி வந்துவிட்டது, ஒரு சத்தம் மட்டும் கூடவே வந்துவிட்டது. அதற்குள் இரண்டு மூன்று இடங்களில் காட்டி, லிங்க் ராட் மாற்றி, லோயர் ஆர்ம் மாற்றி, சில சமயம் ஸ்டீயரிங் ரேக்கையே மாற்றிவிட்டுத்தான் எங்களிடம் வருவார்கள். சத்தம் அப்படியே இருக்கும். நல்ல நிலையில் இருந்த பாகங்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

அது மனதுக்குக் கஷ்டமாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன். பணம் வீணாவது ஒரு பக்கம். மாற்றம் செய்த காரில் வரும் சில சத்தங்கள் உண்மையாகவே ஆபத்தானவை, "மாடிஃபை பண்ணினால் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று பழகிப்போய் அதோடு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை.

இத்தனை காலம் பார்த்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்று: புதிதாகப் போட்ட பொருளே சத்தம் போடுவது குறைவு. அதைப் போடுவதற்காக எதைக் கழற்றினார்களோ அதுதான் பெரும்பாலும் சத்தம் போடும். அதுவும் இல்லையென்றால், புதுப் பொருள் வந்ததால் கூடுதல் சுமையோ புதுக் கோணமோ ஏற்க வேண்டி வந்த பக்கத்துப் பாகம். டயருக்கும் உள் லைனருக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி, சைலன்சர் குழாய்க்கும் பாடிக்கும் இடையில் இவ்வளவு, சக்கரம் முழுதாகத் தொங்கினாலும் ஸ்பிரிங்கில் இவ்வளவு அழுத்தம் மிச்சம் என்று கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். ஒன்றை மாற்றினால் அந்தக் கணக்கு பக்கத்தில் எங்கோ உதைக்கும். எல்லோரும் புதுப் பொருளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் உதைக்கும் இடம் கண்ணில் படுவதில்லை.

சத்தம் எதோடு சேர்ந்து போகிறது?

சத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் வாயால் செய்து காட்டுவார்கள். டக் டக், கிர்ர், உய்ய்ய். அதுவும் உதவும்தான். ஆனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது, அந்தச் சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பது. எஞ்சின் வேகத்தோடா, சக்கர வேகத்தோடா, இல்லை இரண்டும் இல்லாமல் மேடு பள்ளம், ஸ்டீயரிங், பிரேக் என்று ஏதாவது ஒன்றைத் தொடும்போது மட்டும் வருகிறதா? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதிக் காரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். வண்டி நிற்கும்போது நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மெதுவாக ஏற்றுங்கள். அப்போதே சத்தம் வந்தால் எஞ்சின், சைலன்சர், பெல்ட், மின்சார இணைப்புகள் பக்கம் தேட வேண்டும். வரவில்லையென்றால் காலியான, நேரான சாலையில் ஒரே வேகத்தை இரண்டு வேறு கியரில் ஓட்டிப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தை மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் பிடித்தால் எஞ்சின் வேகம் மாறும், சக்கர வேகம் மாறாது. சத்தம் மாறாமல் அப்படியே இருந்தால் டயர், வீல் பேரிங், காற்று இந்த மூன்றில் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன். ஓடும்போது சாவியை அணைத்துச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும், பல கார்களில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

கொஞ்சம் கணக்கும் கைகொடுக்கும். சாதாரணச் சிறிய காரின் டயர் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் ஓடும். மணிக்கு 72 கி.மீ. என்பது நொடிக்கு 20 மீட்டர், ஆக டயர் நொடிக்குப் 10 முறை சுற்றுகிறது. அதே நேரத்தில் எஞ்சின் 2,400 ஆர்.பி.எம்.மில் இருந்தால் நொடிக்கு 40 சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு முறை எரிவதால் நொடிக்கு 80 துடிப்பு, மூன்று சிலிண்டரில் 60. நொடிக்குப் 10 என்பதைக் காது சத்தமாகக் கேட்காது, ஸ்டீயரிங்கிலோ சீட்டிலோ உதறலாகத்தான் தெரியும். 80 என்பது காதை அடைக்கும் 'பூம்ம்ம்' ஆகக் கேட்கும். அதனால், "72-ல் போனால் காருக்குள் பூம் என்று அமுக்குகிறது" என்று ஒருவர் சொன்னால் நான் வீல் பேலன்ஸ் செய்யும் இயந்திரத்துக்குப் போவதற்கு முன்னால், அந்த வேகத்தில் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்று கேட்பேன்.

தாழ்த்திய கார்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக

அதிகம் ஏமாற்றுவது இந்த வகைதான். ஒரு கார் வந்தது. முன்பக்கம் குட்டையான ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். மெதுவாகப் போகும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டங்' என்று ஒரு அடி, ஸ்டீயரிங்கிலேயே கையில் தெரியும். நேராகப் போனால் ஒன்றும் இல்லை, பள்ளத்தில் இறங்கினாலும் இல்லை. அதற்குள் இரண்டு பக்கமும் லிங்க் ராட் புதிது, டை ராட் எண்டு புதிது, ஸ்டீயரிங் ரேக் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

வண்டியைத் தரையிலேயே நிறுத்தி, ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப, நான் முன் ஸ்பிரிங்கின் மேல் விரல் நுனிகளை வைத்துக்கொண்டேன். சுருள்களுக்கு இடையில் விரலை விடக்கூடாது, அது குதிக்கும்போது நசுக்கிவிடும். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப ஸ்பிரிங் கூடவே சுழலாமல் முறுக்கிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் தாங்காமல் டங் என்று பழைய இடத்துக்குத் திரும்பியது. ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஷாக் அப்சார்பர் தூண்) தலையில் இருக்கும் பேரிங்தான் ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட்டையும் ஸ்டீயரிங்கோடு வழுக்கிச் சுழல விடுகிறது. ஸ்பிரிங் மாற்றும்போது அந்தப் பேரிங்கைத் தலைகீழாக வைத்துப் பூட்டிவிட்டிருந்தார்கள். புது ஸ்பிரிங்கில் எந்தக் குறையும் இல்லை, லிங்க் ராடிலும் இல்லை, ரேக்கிலும் இல்லை. கழற்றி மாட்டிய ஒரு சின்னப் பேரிங்தான் அத்தனை அலைச்சலுக்கும் காரணம்.

இதே இடத்தில் இன்னொரு விஷயமும் நடக்கும். ஸ்பிரிங்கின் கீழ் நுனி உட்கார ஒரு படி இருக்கும், நுனி அந்தப் படியில் சரியாக முட்டி நிற்க வேண்டும். ஒரு அங்குலம் தள்ளி உட்கார்ந்துவிட்டாலும் ஓட ஓட அது நகர்ந்து இடம் தேடும், ஒவ்வொரு முறையும் சத்தம் போடும்.

அப்புறம் ரப்பர் புஷ். லோயர் ஆர்மில் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கை) உள்ள ரப்பர் புஷ் சுழலும் பொருள் இல்லை. ரப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடும் வெளிக் கூட்டோடும் ஒட்டியிருக்கும், ஆர்ம் மேலே கீழே ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கிறது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழு இறுக்கம் கொடுத்துவிட்டால், கார் தரையில் நின்ற நிமிடத்திலிருந்து அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும். முதலில் கிறீச் என்று முனகும், பிறகு கிழியும். காரைத் தாழ்த்தினால் இந்த முறுக்கு இன்னும் அதிகம். போல்ட்டைத் தளர்த்தி, கார் தன் எடையில் தரையில் நிற்கும்போது மறுபடி இறுக்கினாலே பல கார்களில் முனகல் நின்றுவிடுகிறது. ஸ்பிரிங் மாற்றித் தருபவரிடம் "கடைசி இறுக்கம் வண்டி கீழே நிற்கும்போது கொடுத்தீர்களா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அதற்கு அவர் கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

எந்தப் புஷ் முனகுகிறது என்று தெரியவில்லையா? ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் பீய்ச்சி, காரை மேலிருந்து அழுத்திப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் எது கொஞ்ச நேரம் அடங்குகிறதோ அதுதான் உங்கள் ஆள். எஞ்சின் ஆயில், கிரீஸ் என்று கையில் கிடைத்ததை ரப்பரில் பூசக்கூடாது, பெட்ரோலியப் பொருள் பட்டால் ரப்பர் ஊதி இளகிக் கெட்டுவிடும். பாலியூரித்தேன் புஷ் போட்டிருந்தால் கதை வேறு, அது வழுக்கிச் சுழலும் வகை, மாட்டும்போதே அதற்கென்று உள்ள சிலிகான் கிரீஸைப் பூசியிருக்க வேண்டும். பூசாமல் மாட்டியிருந்தால் கழற்றிப் பூசுவதைத் தவிர வழி இல்லை.

பழைய ஷாக் அப்சார்பரோடு மிகக் குட்டையான ஸ்பிரிங்கைப் போட்டவர்கள் ஒன்றை அவசியம் பார்க்க வேண்டும். காரைத் தூக்கிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் அசைக்க முடிகிறதா? முடிந்தால் ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தில் பிடிமானம் இல்லாமல் இருக்கிறது என்று பொருள். பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கித் திரும்பும்போது ஸ்பிரிங் இடம் மாறி உட்காரலாம், கழன்று சரியலாம். 'கடக்' என்று கேட்கும் அந்தச் சத்தத்தோடு ஓட்டவே கூடாது.

உயரம் கூட்டிய கார்களில் டிரைவ் ஷாஃப்ட்டின் (எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) கோணம் மாறுகிறது. திருப்பத்தில் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டக் டக் டக் என்று வந்தால் அந்தத் தண்டின் வெளிப்பக்க இணைப்பான சி.வி. ஜாயிண்ட், நேராகப் போகும்போதே இழுவையில் உதறினால் உள்பக்கம். இதைச் சோதிக்கச் சக்கரங்களைத் தொங்கவிட்டு எஞ்சினை ஓட்டாதீர்கள். தொங்கும் நிலையில் கோணம் மிக அதிகமாகி, நல்ல ஜாயிண்ட்டும் சத்தம் போடும். சக்கரம் தன் சுமையோடு நிற்கும் லிஃப்ட்டில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

வீல் நட்டு விஷயத்தில் விளையாடாதீர்கள்

அலாய் வீல் மாற்றிய காரில், மெதுவாகப் போகும்போது சக்கரச் சுற்றுக்கு ஒன்றாக 'டிக்... டிக்...' என்று கேட்டால் வேறு எதையும் யோசிக்காமல் ஓரமாக நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். வீலில் நட்டு உட்காரும் குழி எல்லா வீலிலும் ஒரே வடிவம் இல்லை. சிலவற்றில் 60 டிகிரிக் கூம்பு, சிலவற்றில் உருண்டை, சிலவற்றில் தட்டை வாஷர். உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத்தான் கைக்குத் தெரியும், ஆனால் மெல்லிய கோடாக மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும். சக்கரம் கழன்று ஓடுவது அப்படித்தான்.

சரியான நட்டாகவே இருந்தாலும் புது வீலைப் போட்டு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும், புதுப் பெயின்ட் நசுங்கி உட்காருவதால் முதல் இறுக்கம் கொஞ்சம் குறையும். பல சிறிய கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஏர் கன்னால் அடித்து விடுவது இறுக்கம் பார்ப்பது ஆகாது.

வீலின் நடுத் துளை ஹப்பை (வீல் மாட்டும் நடுக் குமிழ்) விடப் பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் வேண்டும். இல்லாவிட்டால் வீல் மையத்தில் உட்காராமல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறும், பேலன்ஸ் இயந்திரத்தில் ஏற்றினால் எல்லாம் சரியாகவே காட்டும், ஏனென்றால் இயந்திரம் அதைத் தன் கூம்பில் மையப்படுத்திக்கொள்கிறது. இதில் மாட்டிக்கொண்டு பேலன்ஸ் மேல் பேலன்ஸ் செய்பவர்கள் நிறைய.

டயர் சத்தமா, வீல் பேரிங் சத்தமா என்பது அடிக்கடி வரும் சந்தேகம். இரண்டும் 'ஊஊஊ' என்றுதான் கேட்கும். சாலை மாறும்போது, தாரிலிருந்து சிமென்ட்டுக்குப் போகும்போது, சத்தத்தின் குணம் மாறினால் டயர். சாலை எதுவானாலும் மாறாமல், நீண்ட இடது வளைவில் அதிகமானால் வலது பேரிங்கைப் பாருங்கள், இடது பக்கம் திரும்பும்போது சுமை வலது பக்கம் ஏறுகிறது. ஸ்பேசர் போட்டு வீலை வெளியே தள்ளியிருந்தால் பேரிங்குக்கு நெம்பும் விசை அதிகமாகி அது சீக்கிரம் தேயும். ஸ்பேசர் போடும்போது நட்டு பிடிக்கும் மரை நீளம் குறைந்துவிடவில்லையா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

புது டிஸ்க்கோ பிரேக் பேடோ போட்ட பிறகு, ஓடும்போதெல்லாம் தகரம் உரசும் சத்தம் கேட்டால் பெரும்பாலும் டிஸ்க்கின் பின்னால் இருக்கும் மெல்லிய தகடுதான் வளைந்து தொட்டுக்கொண்டிருக்கும். கையால் கொஞ்சம் வளைத்தால் முடிந்தது. பேடுகளைப் பிடிக்கும் கிளிப்பை மாட்ட மறந்திருந்தால் பள்ளத்தில் லொட லொட என்று ஆடும், பிரேக்கைத் தொட்டதும் நிற்கும். அந்த 'தொட்டதும் நிற்கும்' என்பதுதான் அடையாளம்.

சைலன்சர்

இதில் மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று குழாய் தொட்டுக்கொள்வது. சைலன்சர் ரப்பர் தொங்கல்களில் ஆடிக்கொண்டிருக்கிறது, எஞ்சின் இழுவையில் சாயும்போது குழாயும் கூடவே நகரும். நிற்கும்போது விரல் அளவு இடைவெளி இருப்பது போலத் தெரிந்தாலும், முதல் கியரில் இழுக்கும்போது பாடியைத் தொட்டு நடுங்கும். சாக்பீஸ் தூளையோ கொஞ்சம் பெயின்ட்டையோ சந்தேகப்படும் இடத்தில் பூசி ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், அழிந்திருந்தால் அங்கேதான் தொடுகிறது. குறிப்பிட்ட ஒரே ஆர்.பி.எம்.மில் மட்டும் தகரம் அதிர்ந்தால் ஹீட் ஷீல்டு, சைலன்சர் மாற்றும்போது அதன் துருப்பிடித்த போல்ட் உடைந்து அப்படியே விட்டிருப்பார்கள்.

புது சைலன்சரின் பூம் சத்தம் வேறு. அதில் எதுவும் கழன்றிருக்காது. மேலே சொன்ன அந்த 60, 80 துடிப்புகளைப் பழைய சைலன்சர் அடக்கி வைத்திருந்தது, புதியது விட்டுவிடுகிறது, காரின் கூடு அந்த எண்ணில் அதிர்ந்து பெரிதாக்குகிறது. தரை முழுக்கச் சத்தத் தடுப்பு ஷீட் ஒட்டினாலும் இந்தத் தாழ்ந்த ஒலி பெரிதாகக் குறையாது. அந்த அலைநீளத்துக்குக் கணக்குப் போட்ட ரெசொனேட்டர் குழாய் (அந்த ஒலியை அமுக்கும் கூடுதல் குழாய்) வைப்பது, இல்லையென்றால் பழைய சைலன்சருக்குத் திரும்புவது, இரண்டுதான் வழி. ஷீட்டுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது வகை கசிவு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் முன்பக்கம் 'டிக் டிக் டிக்' என்று வேகமாகக் கேட்டு, சூடானதும் மெல்ல அடங்கினால், எஞ்சினையும் புகைக் குழாயையும் சேர்க்கும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் வழியாகப் புகை கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் அடங்குகிறது. "சூடானால் சரியாகிவிடுகிறது" என்று விட்டுவிடுகிறார்கள். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, அடியிலுள்ள ஓட்டைகள் வழியாகவும் ஏசி காற்று வழியாகவும் உள்ளே வரலாம். சைலன்சர் மாற்றிய காரில் நீண்ட பயணத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் தூக்கக் கலக்கமும் வந்தால் உடனே நிறுத்தி, எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். குழந்தைகள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிப் பாருங்கள். இந்த ஒரு கசிவை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

சத்தம் காரிலிருந்தே வரவில்லை என்றால்?

கியர்பாக்ஸ் ஊளையிடுகிறது என்று ஒரு கார் வந்தது. ஆக்சிலரேட்டர் ஏற ஏற 'உய்ய்ய்' என்று சுருதி ஏறும். பெல்ட் மாற்றியிருந்தார்கள், ஆல்டர்னேட்டரைக் கழற்றி பேரிங் மாற்றியிருந்தார்கள். பாட்டு ஓடாதபோதும் மியூசிக் சிஸ்டம் அணையாமல் இருந்தது, அதை முழுதாக அணைத்ததும் ஊளை நின்றது. ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் உள்ள சிற்றலை, ஆம்ப்ளிஃபையர் வழியாக ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் வேகத்தோடு ஏறுவதால் எஞ்சின் சத்தம் என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

பெரும்பாலும் எர்த் இணைப்புதான் இதற்குக் காரணம். பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் ஸ்டீரியோவுக்கு ஒரு இடத்தில் எர்த், ஆம்ப்ளிஃபையருக்கு வேறொரு இடத்தில். சிக்னல் வயரையும் பாட்டரியிலிருந்து வரும் தடித்த வயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி ஓட்டியிருந்தாலும் வரும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து சிக்னல் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் ஊளை இருந்தால் ஆம்ப்ளிஃபையரின் மின் இணைப்பில் கோளாறு, நின்றுவிட்டால் அதற்கு முன்னால் உள்ள வயரிலோ ஸ்டீரியோவிலோ. வயரைத் திறந்து பார்க்கும் அந்த நேரத்திலேயே, தடித்த வயருக்கு பாட்டரி அருகிலேயே, 45 செ.மீ.க்குள், ஃபியூஸ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், அந்த வயர் எங்காவது தகரத்தில் உரசி உரிந்தால் தீதான்.

டாஷ் கேமரா போட்ட பிறகு முன் கண்ணாடி ஓரத்தில் டிக் டிக் என்று வரும் புகாரும் நிறைய வருகிறது. வயரைத் திணிப்பதற்காக ஓரத் தூணின் மூடியை நெம்பியிருப்பார்கள், உள்ளே உள்ள கிளிப் உடைந்திருக்கும். பல கார்களில் அந்த மூடிக்குப் பின்னால்தான் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வயர் அதன் முன்னால் குறுக்கே போகக்கூடாது, பின்னால் போக வேண்டும். சத்தத்துக்காகத் திறக்கிறீர்கள் என்றால் இதையும் கட்டாயம் சரிபாருங்கள்.

மேல் கேரியர் போட்ட கார்களில் வரும் விசிலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்று உருண்டைக் கம்பியைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகின்றன, 72 கி.மீ. வேகத்தில் 2 செ.மீ. கம்பி நொடிக்குச் சுமார் 200 அதிர்வு கொடுக்கும். வேகம் ஏறினால் சுருதி ஏறும். கம்பியில் ஒரு கயிற்றைச் சுருளாகச் சுற்றிவிட்டால் அந்தச் சுழல்கள் ஒழுங்கு கலைந்து சத்தம் அடங்கும். கதவு வைசர், ஸ்பாய்லர் எதுவானாலும் ஓரங்களில் காகித டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள், எந்த ஓரத்தை மூடியதும் விசில் நிற்கிறது என்று ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

எஞ்சின் பக்கம் அவசரமாகப் பார்க்க வேண்டியது

எஞ்சின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டிய பிறகு, குறைந்த ஆர்.பி.எம்.மில் மேட்டில் அழுத்தும்போது உள்ளே சின்னச் சின்ன உலோக மணிகள் உருள்வது போல 'சல சல' என்று கேட்டால் காலை எடுத்துவிடுங்கள். அது நாக்கிங். சிலிண்டருக்குள் மிச்ச எரிபொருள் தானாகவே வெடித்து, அழுத்த அலை சுவரில் மோதும் சத்தம், வழக்கமான அளவுள்ள சிலிண்டரில் சுமார் 6,000 முதல் 7,000 ஹெர்ட்ஸ். பிஸ்டனை உடைக்கும் சத்தம் இது. எஞ்சினில் உள்ள நாக் சென்சார் இக்னிஷனைப் பின்தள்ளிச் சமாளிக்கும், ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு, மென்பொருள் மாற்றியவர் அந்த எல்லையையே தளர்த்தியிருக்கவும் கூடும்.

எடை குறைந்த ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுழலும் சக்கரம்) போட்டிருந்தால், நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸில் கடகடப்பு கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றுவிடும். எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பையும் முன்பு பழைய கனமான ஃப்ளைவீல் விழுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மாறாக, கிளட்சை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அதை உடனே பார்க்க வேண்டும்.

மாற்றத்தின் மேல் பழி விழும் பழைய கோளாறுகளும் உண்டு. இறுக்கமான புஷ் போட்டதும், ஏற்கெனவே தேய்ந்திருந்த பால் ஜாயிண்ட்டின் ஆட்டம் முதல்முறையாகக் காதில் விழும். மெத்தென்ற பழைய ரப்பர் அதை மறைத்து வைத்திருந்தது. பின் சீட்டை எடுத்துவிட்டு ஸ்பீக்கர் பெட்டி வைத்தவர்களுக்குப் பெட்ரோல் பம்ப் ஓடுவதே புதுச் சத்தமாகத் தெரியும். அதனால் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஒரு முறை, இரண்டு ஓரத்தையும் பிடித்து ஒரு முறை அசைத்துப் பார்ப்பதை நான் எந்தக் காரிலும் விடுவதில்லை. முதலாவதில் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட், இரண்டாவதில் மட்டும் ஆடினால் டை ராட்.

"பின்னால் இடது பக்கம் வருகிறது" என்று உறுதியாகச் சொல்வார்கள், தேடினால் முன்னால் வலது பக்கம் இருக்கும். அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, எஃகில் 5,000 மீட்டருக்கு மேல். பாடி வழியாக ஓடி, எங்கே ஒரு தளர்ந்த தகடு இருக்கிறதோ அங்கே வெளியே வரும். தாழ்ந்த ஒலியின் திசையைக் காது கண்டுபிடிப்பதும் கடினம். அதனால்தான் நாங்கள் சந்தேகப்படும் இடங்களில் மைக் கிளிப்புகளை மாட்டிக்கொண்டு ஓட்டிக் கேட்கிறோம். எது முதலில், எது பெரிதாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டால் விடை வந்துவிடும். அந்தக் கருவி இல்லாத பட்டறையாக இருந்தால் பரவாயில்லை, நீங்கள் போனில் பதிவு செய்து கொடுங்கள். பதிவிலேயே "60, மூன்றாவது கியர், இப்போது இடது பக்கம் திருப்புகிறோம்" என்று பக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லுங்கள், வண்டி ஓட்டுபவர் போனைத் தொட வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது கொண்டு போக வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காரில் செய்த எல்லா மாற்றத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள், தேதி வாரியாக, ஹாரன், ஃபாக் லேம்ப், சீட் கவர் உட்பட. சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைப்பதையும் எழுதுங்கள். திட்டுவார்களோ, வாரண்டி போகுமோ என்று சிலர் மறைக்கிறார்கள், மறைத்தால் நாங்கள் தவறான இடத்தில் தேடுவோம், அந்த நேரமும் உங்கள் பில்லில்தான் ஏறும். சத்தம் முதலில் எப்போது கேட்டது, குளிரிலா சூட்டிலா, மழையில் மாறுகிறதா, ஆள் ஏறினால் கூடுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடாமல் சில மாதங்கள் வைத்திருங்கள், சந்தேகம் தீராதபோது ஒன்றை மட்டும் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்ப்பதைப் போல் உறுதியான சோதனை கிடையாது. ஒரே நாளில் நான்கு மாற்றம் செய்ய ஆசைப்படாமல், ஒன்றைப் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அடுத்ததைப் போடுங்கள், சத்தம் வந்தால் எதோடு வந்தது என்று தேடவே வேண்டியதில்லை.

எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிப்பதற்கு முன்னால், மெக்கானிக்கை உங்கள் காரில் உட்கார வைத்து, நீங்கள் கேட்கும் சத்தத்தை அவரும் கேட்கும்வரை ஒன்றாக ஓட்டுங்கள். கண்ணாடிகளை ஏற்றி ஒரு முறை, இறக்கி ஒரு முறை, ஏசியும் பாட்டும் அணைந்திருக்கட்டும், டிக்கியில் இருக்கும் ஜாக்கியையும் ஸ்பேனர்களையும் கிளம்புவதற்கு முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.